கயிறு விட்டு அளந்த அருவி

1855ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி. ஆப்பிரிக்காவின் நடுவே ஓடும் சாம்பசி ஆற்றில் ஒரு சின்னஞ்சிறு தோணி போய்க்கொண்டிருந்தது. துடுப்புப் போட்டவர்கள் அந்த ஆற்றின் சுழிகளையெல்லாம் நன்கு அறிந்தவர்கள். தோணியில் ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான உடம்பு. காய்ச்சலால் பலமுறை வாடிய முகம். இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாதவர்.

எட்டு, பத்து கிலோமீட்டர் தொலைவில் வரும்போதே அவர் பார்த்துவிட்டார். காட்டின் நடுவே ஐந்து புகைத் தூண்கள் வானத்தைத் தொடுவதுபோல் எழும்பி நின்றன. அது புகை அல்ல, நீர்த்துளிகள்! கூடவே இடி இடிப்பதுபோன்ற ஓசை. அந்த ஊர் மகோலோலோ மக்கள் அதற்கு வைத்திருந்த பெயர் மோசி-ஓவா-துன்யா. முழங்கும் புகை என்று பொருள்.

அருவியின் விளிம்பிலேயே ஒரு தீவு உண்டு. தோணி அங்கே போய் ஒதுங்கியது. இன்னும் சில அடிகள் தவறினால் தோணியோடு பாதாளத்துக்குப் போக வேண்டியதுதான். நவம்பர் மாதத்தில் ஆற்றில் நீர் குறைவு என்பதால்தான் அங்கே போகவே முடிந்தது. வெள்ளைக்காரர் விளிம்புவரை ஊர்ந்து போய், கீழே எட்டிப் பார்த்தார். பூமி இரண்டாகப் பிளந்து கிடந்தது. அகன்ற ஆறு முழுவதும் அந்தப் பிளவுக்குள் விழுந்து மறைந்துகொண்டிருந்தது.

அவர்தான் டேவிட் லிவிங்ஸ்டன். அருவி எவ்வளவு ஆழம் இருக்கும் என்று கண்ணாலேயே மதிப்பிட்டார். நூறு அடி என்று எழுதி வைத்தார்.

அந்த நூறு அடி சரியா, தவறா? அதற்குப் பிறகு வருவோம். முதலில் அவர் யார் என்று தெரிந்துகொள்வோம்.

ஸ்காட்லாந்து நாட்டில் பிளாண்டையர் என்ற ஊரில் 1813ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் தேதி லிவிங்ஸ்டன் பிறந்தார். ஏழைக் குடும்பம். பத்து வயதில் பஞ்சாலை வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். நூற்பு எந்திரத்தில் நூல் அறுந்தால் ஓடிப்போய் முடிச்சுப் போட வேண்டும். இதுதான் வேலை. காலை ஆறு மணிக்குப் போனால் இரவு எட்டு மணிக்குத்தான் விடுவார்கள். உங்கள் வயதுப் பிள்ளை ஒரு நாளைக்குப் பதினான்கு மணி நேரம் ஆலையில் ஓடினால் எப்படி இருக்கும்!

முதல் வாரக் கூலியில் ஒரு பகுதியை எடுத்து லத்தீன் இலக்கணப் புத்தகம் வாங்கினார். எந்திரத்தின் மேல் புத்தகத்தைத் திறந்து வைத்துவிடுவார். முன்னும் பின்னும் நடக்கும்போது, அந்த இடத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு வாக்கியம் படித்துக்கொள்வார். இரவு எட்டு மணிக்கு மேல் ஆலை நடத்திய பள்ளி. அதன்பிறகு நள்ளிரவுவரை படிப்பு. அம்மா வந்து புத்தகத்தைப் பிடுங்கினால்தான் தூக்கம்.

இப்படியே படித்து, கிளாஸ்கோ நகரில் மருத்துவக் கல்வியும் கற்று, 1840ஆம் ஆண்டில் டாக்டரானார். கிறிஸ்தவ சமயப் பணிக்காகச் சீனாவுக்குப் போகவே ஆசைப்பட்டார். அப்போது சீனாவில் போர் நடந்துகொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் ஆப்பிரிக்காவில் பணிசெய்த ராபர்ட் மொஃபாட் என்பவரைச் சந்தித்தார். அவருடைய பேச்சைக் கேட்டதும் மனம் மாறியது. 1841இல் தென்னாப்பிரிக்காவில் கால் வைத்தார்.

1844ஆம் ஆண்டு மபோட்சா என்ற இடத்தில் சிங்கங்கள் ஊர் மாடுகளைக் கொன்றுவந்தன. மக்களோடு லிவிங்ஸ்டனும் வேட்டைக்குப் போனார். அவர் சுட்ட சிங்கம் சாகவில்லை. துப்பாக்கியில் அடுத்த குண்டைப் போடுவதற்குள் பாய்ந்து வந்து, அவருடைய இடது தோளைக் கவ்வி உலுக்கிவிட்டது. மேல்கை எலும்பு நொறுங்கியது. அப்போது மெபால்வே என்ற முதியவர் துப்பாக்கியை நீட்டினார். அது வெடிக்கவில்லை. ஆனாலும் சிங்கம் லிவிங்ஸ்டனை விட்டுவிட்டு அவர்மேல் பாய்ந்து தொடையைக் கடித்தது. இன்னொருவர் ஈட்டியோடு ஓடி வந்தார், அவரையும் பிடித்தது. அதற்குள் முதலில் பட்ட குண்டு வேலை செய்ய, சிங்கம் சுருண்டு விழுந்தது. லிவிங்ஸ்டனின் கை எலும்பு கோணலாகவே கூடியது. இந்தக் கையை நினைவில் வைத்திருங்கள், பிறகு மீண்டும் வரும்.

மறு ஆண்டு மொஃபாட்டின் மகள் மேரியை மணந்தார். மேரி ஆப்பிரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். வண்டியில் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு இருவரும் கலஹாரிப் பாலைவனத்தைக் கடந்திருக்கிறார்கள். தண்ணீர் தீர்ந்துபோய்க் குழந்தைகள் தாகத்தால் தவித்ததும் உண்டு. இதெல்லாம் சரிப்படாது என்று 1852ஆம் ஆண்டு மனைவியையும் குழந்தைகளையும் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார். பிறகு தனியாக வடக்கே நடந்தார். குடும்பத்தைப் பணமில்லாமல் தவிக்கவிட்டார் என்ற குறை அவர்மேல் இன்றும் உண்டு. அந்தக் குறையை என்னால் மறுக்க முடியவில்லை.

உள்நாட்டில் அவர் கண்ட பெரிய கொடுமை அடிமை வியாபாரம். மனிதர்களைப் பிடித்து, கழுத்தில் கவைக்கழி மாட்டி, மாடுகளைப்போல் ஓட்டிச் சென்று கடற்கரையில் விற்றார்கள். இதை ஒழிக்க லிவிங்ஸ்டன் ஒரு வழி யோசித்தார். கடலிலிருந்து உள்நாட்டுக்குப் படகு போகும் பாதை கிடைத்துவிட்டால் பருத்தி, தந்தம் போன்ற பொருள்களின் வியாபாரம் வளரும். மனிதர்களை விற்கவேண்டிய தேவை இருக்காது. அப்படி ஒரு பாதையைத் தேடித்தான் நடந்தார்.

மகோலோலோ மக்களின் தலைவர் செக்கெலெட்டு இளைஞர். அவர் 27 ஆட்களைத் துணைக்கு அனுப்பினார். லின்யாண்டி என்ற ஊரிலிருந்து 1853 நவம்பரில் மேற்குக் கடற்கரையை நோக்கிப் புறப்பட்டு, 1854 மே மாத முடிவில் லுவாண்டா துறைமுகத்தை அடைந்தார்கள். லிவிங்ஸ்டன் காய்ச்சலில் எலும்பும் தோலுமாகக் கிடந்தார். அங்கிருந்த ஆங்கிலேயக் கப்பல்காரர்கள் அவரை ஊருக்கு அழைத்துப்போவதாகச் சொன்னார்கள். மனைவி மக்களைப் பார்த்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் அவர் கப்பலேறவில்லை. கூட வந்த 27 பேரையும் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்ப்பதாகச் செக்கெலெட்டுவிடம் வாக்குக் கொடுத்திருந்தார். வந்த வழியே திரும்பி நடந்து, ஒருவர்கூடக் குறையாமல் சேர்த்தார்.

மேற்குப் பாதை காடும் சதுப்புமாக இருந்ததால் வண்டிக்கோ படகுக்கோ உதவாது என்று தெரிந்தது. இனிக் கிழக்கே போவோம் என்று சாம்பசி ஆற்றோடு புறப்பட்டபோதுதான் அந்த அருவியைக் கண்டார். முழங்கும் புகையைப் பற்றி அவருக்கு 1851ஆம் ஆண்டிலேயே தெரியும். முதன்முதலில் சந்தித்தபோதே, உங்கள் நாட்டில் இப்படி முழங்குகிற புகை உண்டா என்று மகோலோலோ மக்கள் அவரை விசாரித்திருந்தார்கள்.

பாடப் புத்தகங்களில் விக்டோரியா நீர்வீழ்ச்சியைக் கண்டுபிடித்தவர் லிவிங்ஸ்டன் என்றிருக்கும். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நடத்தினேன். அந்த ஊர்க்காரர்கள் காலங்காலமாகப் பார்த்துப் பெயர் வைத்த அருவி அது. அதன் அருகே அந்தப் பகுதித் தலைவர்கள் வழிபாடு செய்த இடங்களும் இருந்தன. லிவிங்ஸ்டனே இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். அதைப் பார்த்து எழுதிய முதல் ஐரோப்பியர் என்பதே சரி. தன் நாட்டு ராணியின் பெயரை அருவிக்கு வைத்தவரும் அவர்தான். விக்டோரியா ராணி அந்த அருவியைக் கடைசிவரை பார்த்ததே இல்லை!

முதல் முறை பார்த்த பிறகு, செக்கெலெட்டுவையும் அழைத்துக்கொண்டு மீண்டும் அதே தீவுக்குப் போனார். தோணி இழுத்துப் போய்விடுமோ என்று செக்கெலெட்டுவுக்கே கொஞ்சம் உதறல்தான். அவருடன் வந்தவர்கள் கற்களைப் பிளவுக்குள் எறிந்து விளையாடினார்கள். கல் போகப்போகச் சிறுத்து, தண்ணீரைத் தொடுமுன்பே கண்ணுக்கு மறைந்துவிட்டது. எல்லாருக்கும் ஒரே வியப்பு!

லிவிங்ஸ்டன் அங்கே ஒரு தோட்டமும் போட்டார். அருவியின் சாரல் எப்போதும் மழைபோல் பெய்யும் அல்லவா, தண்ணீர் ஊற்ற வேண்டாமே! பீச், ஆப்ரிகாட் பழக்கொட்டைகள் நூறு போல ஊன்றினார். காப்பி விதைகளும் விதைத்தார். நீர்யானைகள் வந்துவிடும் என்று வேலி போடவும் ஏற்பாடு செய்தார். பிறகு ஒரு மரத்தில் தன் பெயரின் முதல் எழுத்துகளையும் 1855 என்ற ஆண்டையும் செதுக்கினார். இப்படி அற்பப் பெருமைக்கு ஆசைப்பட்டது தன் வாழ்க்கையில் இந்த ஒரு முறைதான் என்று பிறகு வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார். சுற்றுலாப் போகும் இடத்திலெல்லாம் மரத்தில் பெயர் வெட்டும் பிள்ளைகள் கவனிக்கவும்!

அருவியைவிட்டுக் கிழக்கே போனார். கடலை நெருங்கும் வழியில் ஆறு ஒரு பெரிய வளைவு வளைந்தது. அந்த இடத்தில் அவர் ஆற்றோரமாகப் போகாமல் குறுக்கே தரைவழியாக நடந்து டெட்டே என்ற ஊரை அடைந்தார். இடையில் ஒரு சிறிய பாய்ச்சல் இருக்கிறது என்றுதான் கேள்விப்பட்டிருந்தார். 1856 மே மாதம் கடற்கரை வந்தது. ஆப்பிரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறு கரைவரை கடந்துவிட்டார்!

இங்கிலாந்தில் அவருக்குப் பெரும் வரவேற்பு. அவர் எழுதிய பயணப் புத்தகம் 1857இல் வெளிவந்து ஆயிரக்கணக்கில் விற்றது. சாம்பசி ஆற்றில் கப்பல் விடலாம் என்று ஊர் ஊராகப் பேசினார். அரசாங்கமும் நம்பியது. ஒரு நீராவிப் படகைப் பகுதி பகுதியாகக் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். அதன் பெயர் மா ராபர்ட். மூத்த மகன் பெயர் ராபர்ட் என்பதால், ஆப்பிரிக்க மக்கள் மேரியை அப்படித்தான் அழைப்பார்கள். அந்தப் படகோ மகா மோசம்! விறகு வெட்டவே நாள் சரியாக இருக்கும். ஓடுவது கொஞ்சம், ஓட்டைகள் அதிகம்.

1858 நவம்பரில், முன்பு தான் சுற்றிக்கொண்டு போன அந்த இடத்தைப் பார்க்கப் போனார். கஹோரா பாசா என்பது அதன் பெயர். மலைகளுக்கு நடுவே குறுகிய பள்ளத்தாக்கு. பாறைகளில் மோதி, நுரைத்து, பல கிலோமீட்டர் தூரம் ஆறு கீழே பாய்ந்தது. நீராவிப் படகென்ன, தோணிகூடப் போக முடியாது. எந்தப் பாதையை நம்பி இத்தனை பேரை அழைத்து வந்தாரோ அந்தப் பாதையே இல்லை என்றாகிவிட்டது. நான்காயிரம், ஐந்தாயிரம் கிலோமீட்டர் நடந்த மனிதர் அந்த ஒரு வளைவை மட்டும் பார்க்காமல் விட்டிருந்தார்.

அதன் விலை பெரிது. அவருடைய பேச்சை நம்பி வந்த பாதிரியார்கள் சிலர் காய்ச்சலில் இறந்தார்கள். 1862 ஏப்ரல் 27ஆம் தேதி மேரியும் காய்ச்சலில் இறந்தார். ஷுபாங்கா என்ற இடத்தில் ஆற்றங்கரையில் அடக்கம் செய்தார்கள். எத்தனையோ சாவுகளைப் பார்த்த லிவிங்ஸ்டன் அன்று குழந்தைபோல் அழுதார்.

இதற்கு நடுவில், 1860ஆம் ஆண்டு ஒரு வாக்கை நிறைவேற்ற வேண்டியிருந்தது. முந்தைய பயணத்தில் கூட வந்த மகோலோலோ ஆட்கள் டெட்டேயில் அவருக்காகக் காத்திருந்தார்கள். ஊர் திரும்ப விரும்பியவர்களை அழைத்துக்கொண்டு நடந்தார். வழியில் மறுபடியும் அந்த அருவி! இந்தமுறை கண்ணை நம்பவில்லை. நீளமான கயிற்றின் நுனியில் துப்பாக்கிக் குண்டுகளைக் கட்டினார்கள். அடையாளம் தெரிய ஓர் அடி வெள்ளைத் துணியையும் சேர்த்துக் கட்டினார்கள். ஒருவர் பாறை விளிம்பில் படுத்துத் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர்கள் கயிற்றை விட்டுக்கொண்டே இருந்தார்கள். நூறு அடி போயிற்று. இருநூறு போயிற்று. 310 அடி விட்டதும் குண்டு ஒரு சரிவுப் பாறையில் தங்கிவிட்டது. கீழே தண்ணீருக்கு இன்னும் ஐம்பது அடி இருக்கும்போல் தெரிந்தது. ஓர் அடித் துணி ஒரு நாணயம் அளவுக்குச் சிறுத்திருந்தது!

இன்றைய கணக்குப்படி அருவியின் உயரம் சுமார் 108 மீட்டர். அடியில் சொன்னால் 354. கயிற்றுக் கணக்கு எவ்வளவு நெருங்கி வந்திருக்கிறது பாருங்கள்! கண் சொன்ன நூறு அடி மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அன்று கற்கள் பாதியிலேயே மறைந்தபோது அவர் கொஞ்சம் யோசித்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். ஆனால் நான் பணியில் இருந்த நாளில், பள்ளிக் கொடிக்கம்பத்தின் உயரத்தை அளக்காமல் சொல்லும்படி பிள்ளைகளைக் கேட்பேன். ஒருவர் சொன்னதும் சரியாக வந்ததில்லை, நான் சொன்னதும்தான்.

அகலத்தையும் கோணமானி போன்ற ஒரு கருவியால் அளந்தார்கள். 1860 கஜத்துக்குச் சற்று அதிகமாக வந்தது. ஆண்டும் 1860 என்பதால் நினைவுக்குப் பொருத்தமாக அந்த எண்ணையே வைத்துக்கொண்டார்கள். தோட்டம் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? நீர்யானைகள் மிதித்துத் துவம்சம் செய்திருந்தன! மறுபடியும் வேலி கட்டி ஆரஞ்சு, முந்திரி, காப்பி எல்லாம் நட்டார். இந்தமுறையும் நீர்யானைதான் ஜெயிக்கும் என்று அவரே எழுதிவைத்தார்.

1861ஆம் ஆண்டு அடிமைகளை ஓட்டிச்சென்ற ஒரு கூட்டத்தை அவருடைய குழு எதிர்கொண்டது. ஓட்டி வந்தவர்கள் காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். 84 பேர் விடுதலையானார்கள். அவர்கள் கழுத்திலிருந்து அறுத்தெடுத்த கழிகளையே விறகாக வைத்து அன்று காலை உணவு சமைத்தார்கள். அந்தக் கூட்டத்தில் சூமா, விக்கடானி என்று இரண்டு சிறுவர்களும் இருந்தார்கள்.

பயணம் தோல்வி என்று அரசாங்கம் 1863இல் அவரைத் திரும்ப அழைத்தது. அவரிடம் சொந்தமாக ஒரு சிறிய நீராவிப் படகு இருந்தது. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் அதை விற்றால் அடிமை வியாபாரிகள் வாங்கிவிடுவார்கள். எனவே அதை இந்தியாவில் விற்கத் தீர்மானித்தார். 1864 ஏப்ரல் முடிவில் சான்சிபார் தீவிலிருந்து தானே மாலுமியாகப் புறப்பட்டார். ஐந்து நாளுக்கு மட்டுமே நிலக்கரி, மற்றபடி பாய்தான். 45 நாள் கடலில் கிடந்து ஜூன் மாதம் பம்பாய்த் துறைமுகத்துக்குள் நுழைந்தார். அவ்வளவு சின்னப் படகு வந்ததை யாரும் கவனிக்கவே இல்லையாம்! கூட வந்த சூமாவும் விக்கடானியும் பம்பாயில் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார்கள்.

1866இல் மீண்டும் ஆப்பிரிக்கா. சூமாவும் உடன் போனார். முன்பே அவரிடம் வேலை பார்த்த சுசியும் சேர்ந்துகொண்டார். நைல் நதி பிறக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது இப்போது லிவிங்ஸ்டனின் எண்ணம். ஆண்டுக்கணக்கில் அவரைப் பற்றித் தகவலே இல்லை. இறந்துவிட்டார் என்றே பலர் நினைத்தார்கள். அமெரிக்கப் பத்திரிகை ஒன்று ஸ்டான்லி என்ற நிருபரைத் தேட அனுப்பியது. 1871ஆம் ஆண்டு, டாங்கனிக்கா ஏரிக்கரையில் உஜிஜி என்ற ஊரில் நோயாளியாக இருந்த அவரை ஸ்டான்லி கண்டார். தொப்பியைக் கழற்றி, ஏதோ வரவேற்பறையில் சந்திப்பதுபோல் மரியாதையாக விசாரித்தார். ஸ்டான்லி எவ்வளவு கூப்பிட்டும் லிவிங்ஸ்டன் ஊர் திரும்பச் சம்மதிக்கவில்லை.

லுவாலாபா என்ற ஆறுதான் நைலின் தொடக்கம் என்று எண்ணினார். அது காங்கோ ஆற்றில் சேருகிறது என்பதை, பிற்பாடு அதிலேயே பயணம் செய்து 1877இல் நிரூபித்தவர் அதே ஸ்டான்லிதான். அதைத் தெரிந்துகொள்ள லிவிங்ஸ்டன் இல்லை. 1873 மே மாதத் தொடக்கத்தில் ஒரு விடியற்காலை, சிட்டாம்போ என்ற தலைவரின் கிராமத்தில், படுக்கையருகே மண்டியிட்ட நிலையில் இறந்து கிடந்தார். ஐந்து வாரம் கழித்து, சான்சிபாரின் அடிமைச் சந்தை மூடப்பட்டது. ஆங்கிலேய அரசு அதற்கு நெருக்கடி கொடுக்க அவர் அனுப்பிய கடிதங்களும் ஒரு காரணம்.

சுசியும் சூமாவும் மற்றவர்களும் கூடிப் பேசினார்கள். அங்கேயே புதைத்துவிட்டுப் போயிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் இதயத்தை ஒரு மரத்தடியில் புதைத்துவிட்டு, உடலுக்கு உப்புப் போட்டுப் பதினான்கு நாள் வெயிலில் உலர்த்தினார்கள். மரப்பட்டையில் சுற்றி, தோளில் தூக்கி நடந்தார்கள். ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல்! வழியில் காய்ச்சல், சண்டை, சிலருடைய சாவு. பிணம் தூக்கிப் போனால் எங்கள் ஊர்வழியே விடமாட்டோம் என்றவர்களை ஏமாற்றப் பொய் மூட்டைகூடக் கட்டினார்கள். 1874 பிப்ரவரியில் கடற்கரை சேர்ந்தார்கள். லிவிங்ஸ்டனின் குறிப்பேடுகள் பத்திரமாக இருந்தன.

லண்டனில் உடலைப் பரிசோதித்த டாக்டர் இடது மேல்கையைத் தடவிப் பார்த்தார். சிங்கம் கடித்துக் கோணலாகக் கூடிய எலும்பு! அது லிவிங்ஸ்டன்தான் என்பது உறுதியாயிற்று. 1874 ஏப்ரல் 18ஆம் தேதி வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். தூக்கி வந்தவர்களில் ஒருவருக்குத்தான் அங்கே இருக்கும் வாய்ப்புக் கிடைத்தது. அவர் ஜேக்கப் வெயின்ரைட். அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டு, நம் நாட்டில் நாசிக் நகரப் பள்ளியில் படித்தவர். சுசியையும் சூமாவையும் பிறகுதான் வரவழைத்தார்கள்.

சிட்டாம்போ கிராமத்தில் இதயத்தைப் புதைத்த அன்று பிரார்த்தனையைப் படித்தவர் அந்த ஜேக்கப்தான். அருகிலிருந்த மரத்தின் பட்டையைச் சீவி, லிவிங்ஸ்டனின் பெயரையும் நாளையும் செதுக்கியவரும் அவர்தான். பின்னாளில் அந்த மரம் உளுத்துப்போகவே, எழுத்து இருந்த துண்டை மட்டும் அறுத்து லண்டனுக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். மரம் நின்ற இடத்தில் இப்போது ஒரு நினைவுத்தூண் நிற்கிறது.